கண்ணு பள்ளிக்கூடம் போகிறது

அவள் வரைந்த முதல் படத்தில் ஓர் ஒற்றைக் கண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. இமைமுடியை இரண்டாக வகிர்ந்து, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய சடை. கீழே ஹவாய் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். மாட்டத் தோள் இல்லாததால் புத்தகப் பை புருவத்தில் தொங்கியது. 1984-ம் ஆண்டு. அவளுக்கு ஒன்பது வயது. ஏற்காட்டில் ஒரு காபி தோட்டத்து ரைட்டரின் மகள். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கேமல் வாட்டர்கலர் வில்லைகளை எச்சில் தொட்டுக் குழைத்து வரைந்தது.

காரணம் எளிது. தோட்டத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாப்ட்டியா கண்ணு?" "மழையில நனையாத கண்ணு." "அப்பாவ வரச் சொல்லு கண்ணு." சேலத்தில் தொடங்கிக் கோயம்புத்தூர் வரை பிள்ளைகள் எல்லாருமே கண்ணுதான். பசுவின் கன்றும், நாற்றங்காலில் நிற்கும் காபிக் கன்றும் அவள் காதில் ஏறக்குறைய அதே ஒலியாகத்தான் விழுந்தன. தன்னையும் கன்றுக்குட்டியையும் காபிச் செடியையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறார்களே, அப்படியானால் கண் என்பது என்ன என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். விடை கிடைக்காததால் வரைந்தாள். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "அழுதா எப்படித் துடைச்சிக்கும்? கையே இல்லியே" என்றார். அது நியாயமான கேள்வி. மறுநாள் ஒரு கை சேர்ந்தது, கையில் கைக்குட்டையும்.

இப்படி ஆரம்பித்த பழக்கம் நாற்பது ஆண்டுகளில் சில நூறு படங்களாக வளர்ந்திருக்கிறது. பேச்சில் வரும் உடம்பை, சொன்னது சொன்னபடியே தாளில் வைப்பது. அவள் செய்வது அவ்வளவுதான்.

அதற்கு ஏற்காட்டைவிடத் தோதான ஊர் அமைவது கடினம். சேலத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் வரும் பிள்ளைகள் வாந்தியை அடக்கிக்கொண்டு அவற்றை எண்ணுவார்கள். அவளும் எண்ணினாள். ஏழாவது வளைவில் ஒருநாள், கொண்டை ஊசி என்றால் கொண்டை எங்கே என்ற கேள்வி வந்துவிட்டது. அன்று மாலையே சேர்வராயன் மலை முழுவதும் ஒரு பெண்ணின் தலையானது. உச்சியில் பெரிய கொண்டை, அதில் எண்ணி 20 ஊசிகள், ஊசிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஏறும் பச்சை நிறப் பேருந்துகள். பேருந்துகளுக்கு ஆறு கால்கள் போட்டிருந்தாள், பேன்கள்! அப்பா அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். ஒரு நடத்துநர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "ஏர்ற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும் கண்ணு. நீ ரெண்டையும் மூக்கோட மூக்கு முட்ட விட்டுட்ட." இறங்குகிற பேனை ஓரம் ஒதுக்கி வரைந்து கொடுத்தாள். படம் அவரோடு மலை இறங்கிப் போயிற்று.

ஏற்காட்டுக்கு இரண்டு நாக்குகள். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். தோட்டத்தின் பின்னால் துரைமார்களின் பங்களாக்களும், மிஷனரிகளும், ஆங்கிலப் பள்ளிகளும் வந்தன. மான்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது 1917-ல். தோட்டத்து லயத்தில் ஒரு மொழி, பள்ளிக்கூட வராந்தாவில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் தட்டுப்படும். தையல் வகுப்பில் ஊசிக்குக் கண் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். வீட்டில் அம்மா, "கண்ணு மங்கலா இருக்கு, ஊசிக் காதுல நூலக் கோத்துக் குடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒட்டகம் நுழைய முடியாமல் நிற்கும் அந்த ஊசிக்கும் தமிழ் பைபிளில் காதுதான். ஆங்கிலேயரின் ஊசி பார்க்கிறது, தமிழரின் ஊசி கேட்கிறது. அவள் இரண்டு ஊசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றுக்கு மையிட்ட கண், மற்றதற்கு ஜிமிக்கி போட்ட காது. இரண்டுக்கும் நடுவே எதில் நுழைவதென்று தெரியாமல் ஒரு நூல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது.

கடிகாரத்திலும் இதே கதை. ஆங்கிலக் கடிகாரத்துக்கு முகமும் கைகளும் உண்டு. நம்முடையதில் இருப்பது பெரிய முள், சின்ன முள். ஒன்றில் இரண்டு உள்ளங்கைகள் மணி காட்ட, மற்றதில் வேலமுள் இரண்டைக் குத்தி வைத்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போனாள். அங்கே உடம்பு கொட்டிக் கிடந்தது. பூண்டுக்குப் பல். சீப்புக்கும் ரம்பத்துக்கும் பல். அண்டாவுக்குக் காது, பானைக்கு வாயும் கழுத்தும் வயிறும், தேங்காய்க்குக் கண்ணும் குடுமியும். பழைய தேக்குக் கதவு சுழல்கிற முளைக்கும் குடுமி என்றே பெயர். சேலம், ஈரோடு மஞ்சள் மண்டிகளில் நீள மஞ்சளுக்கு விரலி என்று பேர் வைத்து விலை சொல்வார்கள். நாற்காலி பெயரிலேயே நாலு காலைச் சுமக்கிறது. அம்மா பூண்டு உரிப்பதைப் பல் பிடுங்கும் வைத்தியமாக வரைந்த படத்தில், தாடையில் துணி கட்டிய ஒரு முழுப் பூண்டு முறத்தில் உட்கார்ந்து முனகியது. அம்மா அதை அரிசிப் பானைக்கு மேல் ஒட்டி வைத்தாள். பல வருஷம் புகையில் பழுத்துக்கொண்டு அது அங்கேயே இருந்தது.

இதற்கெல்லாம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது என்பதை எட்டாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டாள். பவணந்தி முனிவரின் நன்னூல் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஆகுபெயர் வகைகளில் ஒன்று சினையாகு பெயர். சினை என்றால் உறுப்பு. உறுப்பின் பெயர், அதை உடைய முழுப் பொருளுக்கு ஆகிவருவது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு: தலைக்கு ஒரு பழம் கொடு. தமிழய்யா அதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலைகள் வரிசையில் நின்றுவிட்டன. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. உருண்டு உருண்டு வந்து நிற்கின்றன. வாங்கக் கை இல்லாததால் ஆளுக்கொரு வாழைப்பழம் வாயில். வரிசையின் கடைசித் தலை ஒரு மொட்டைத்தலை. அது மட்டும் இரண்டு பழம் கேட்டு முறைக்கிறது.

நோட்டு பிடுங்கப்பட்டது. அய்யா பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். அடுத்து அவர் செய்ததுதான் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. நோட்டை வகுப்பு முழுவதும் சுற்றவிட்டு, "தலைன்னா ஆளுன்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே பதில். திருவிழாவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது யாரும் தலையைக் கட்டிக்கொண்டு ஓடவில்லை. கேட்ட உடனே புரிகிறது. புரிந்துவிடுவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இந்தப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள் என்றார். அன்று முதல் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவளுக்கு ஒரு மரபுத்தொடர் கிடைக்கும், திங்கட்கிழமை படம் வர வேண்டும்.

காதில் பூச்சுற்றுவது சுலபமாக வந்தது. தலையைத் தின்பதற்கு இலை போட்டு, ஊறுகாய் வைத்தாள். பிடரியில் கால் பட ஓடுகிறவனை வரைய, தம்பியை முற்றத்தில் பதினைந்து தடவை ஓடவிட்டும் குதிகால் பிடரிக்கு எட்டவில்லை. கடைசியில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, காலை மடக்கிப் பார்த்து வரைந்தாள். வயிற்றில் புளியைக் கரைப்பதுதான் அவளை அலைக்கழித்தது. புளி எவ்வளவு? அம்மா ரசத்துக்கு எடுக்கும் நெல்லிக்காய் அளவா, குழம்புக்கு எடுக்கும் எலுமிச்சை அளவா? கரைக்கிற கை யாருடையது? வயிற்றுக்காரனே தன் கையை உள்ளே விட்டுக் கரைத்துக்கொள்கிறானா? சொல்லும்போது இந்தக் கேள்விகள் எதுவும் வருவதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. வரைய உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் முடிவு சொல்லியாக வேண்டும். அவள் வயிற்றை ஈயச் சொம்பாக்கினாள். சொம்புக்குள் மணிக்கட்டு வரை இறங்கியிருந்த கையில் ஒரு கைக்கடிகாரமும் சிவப்பு மை பேனாவும் இருந்தன. கணக்கு வாத்தியாரின் கை அது. வகுப்பே அடையாளம் கண்டுகொண்டது. பயம் நம் வயிற்றில் இருந்தாலும் கரைக்கிற கை வேறொருவருடையது என்று அந்தத் தொடர் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அது வரைந்தபோதுதான் தெரிந்தது.

அந்த வயதில் அவளுக்குக் குருமார்கள் சேலத்திலிருந்து பேருந்தில் வந்த வாரப் பத்திரிகைகள். ஆனந்த விகடனில் மதன் வரைந்த குறும்புக்காரப் பையனின் பெயர் ரெட்டைவால் ரெங்குடு. வாலுப் பையன் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வசவு. அதையே பெயராக்கி, ஒரு வால் போதாதென்று இன்னொன்றையும் சேர்த்த துணிச்சலை அவள் வியந்தாள். அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய பைண்டு புத்தகங்களில் கோபுலு இருந்தார். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்து, ஓவியர் மாலியின் நிழலில் வளர்ந்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர் போட்ட சிரிப்புப் படங்களில் ஒருவரின் முதுகே பேசும், வேட்டி நுனி பேசும். படத்துக்கு அடியில் விளக்கம் எழுதும் பழக்கத்தை அவள் அவரைப் பார்த்துத்தான் விட்டாள். தொடரை எழுதாமலே பார்க்கிறவர் வாயிலிருந்து அந்தத் தொடர் வர வேண்டும். வராவிட்டால் படம் தோற்றது. இன்றும் அவளுடைய ஒரே அளவுகோல் அது.

உடலை விட்டுப் பிரிந்த உறுப்பு பயமாக இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மாரியம்மன் கோயில் வாசலில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அம்மை இறங்கினால், கண் நோய் தீர்ந்தால், தகட்டில் அடித்த கண்மலர் வாங்கி உண்டியலில் போடுவோம். கை, கால் எல்லாமே மெல்லிய தகடுகளாகத் தட்டில் அடுக்கியிருக்கும். அம்மா அவளுக்காக ஒருமுறை கண்மலர் வாங்கியபோது, அந்த இரண்டு கண்களும் உள்ளங்கையில் கிடந்து அவளையே பார்த்தன. முகம் இல்லாவிட்டாலும் அன்பாகவே பார்த்தன. கண்ணை மலர் என்பதே ஓர் உருவகம். அதைத் தகடாக அடித்து விற்கவும் முடிகிறதே என்று அந்தச் சின்ன வயதில் தோன்றியிருக்கிறது.

ஏற்காட்டில் இந்திய தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963-ல் தொடங்கப்பட்டது. பள்ளியிலிருந்து கூட்டிப்போவார்கள். ஆர்க்கிட் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆணின் விரை என்று பொருள். கிழங்குகளின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பல ஆண்டு கழித்துத்தான் இது அவளுக்குத் தெரியவந்தது. கிரேக்கர்கள் உடம்பின் பெயரைச் செடிக்கு வைத்தார்கள். நாம் செடியின் விதையை உடம்புக்கு வைத்திருக்கிறோம். பள்ளிச் சுற்றுலாவில் சொல்லியிருக்க மாட்டார்கள்தான்.

1993-ல் சென்னை கவின்கலைக் கல்லூரிக்குப் படிக்கப் போனாள். அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த இடம். அங்கே நூலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டியபோது பக்கம் நிறைய ஆட்கள். ஒருவன் செங்கல் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். ஒருத்தன் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறான். இரண்டு பேர் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். பீட்டர் புரூகல் 1559-ல் வரைந்த நெதர்லாந்துப் பழமொழிகள். மூலப்படம் பெர்லினில் இருக்கிறது. ஒரே கிராமத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் குடியேற்றியிருக்கிறார். அவள் அந்த மேசையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நானூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் வெள்ளிக்கிழமைப் பாடத்தை எழுதி முடித்திருக்கிறார் என்ற சந்தோஷம் அது.

இன்னொரு படமும் அங்கேதான் கிடைத்தது. 1627-ல் சார்ல் சொரேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் வெளியிடத் தொடங்கிய நாவலில் ஒரு செதுக்கோவியம். காதலியின் அழகைக் கவிஞர்கள் சொல்வதுபோலவே வரைந்தால் எப்படி இருக்கும்? கண் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன்கள், புருவத்தில் வில், கன்னத்தில் ரோஜா. பார்த்தால் தூக்கிவாரிப் போடும். அவள் உடனே நம் பாதாதிகேசப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். கயல் கண், எள்ளுப்பூ மூக்கு, கோவை இதழ், முல்லைப் பல், சங்குக் கழுத்து, மூங்கில் தோள், காந்தள் விரல், மின்னல் இடை, வாழைத்தண்டுக் கால், மேகக் கூந்தல். ஆறடித் துணியில் மூன்று மாதம் வரைந்தாள். கயலுக்கு இமை இல்லை, அதனால் அந்தப் பெண் தூங்கவே முடியாது. மின்னல் இடை இருப்பதும் ஒரு நொடி, இல்லாததும் ஒரு நொடி. எனவே மேல்பாதி கொஞ்சம் சரிந்து நின்றது. கூந்தல் மட்டும் எந்தக் கற்பனையும் இல்லாமல் வந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் வளர்ந்தவளுக்கு மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருவதும், கட்டிலுக்கு அடியில் புகுவதும், துணியை ஈரமாக்கிவிட்டுப் போவதும் தினசரிப் பழக்கம். கூந்தலை அப்படியே அவிழ்த்துவிட்டாள். படத்தின் கீழ்ப்பாதியில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணைக் கேலி செய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை. இத்தனை பாரத்தை ஒரு முகத்தின்மேல் ஏற்றிவிட்டோமே என்ற பரிவுதான்.

ஆனால் அவளுடைய எல்லாப் படங்களுக்கும் மேலாக அவளே வைக்கும் படம் வேறு. அதை வரைந்தபோது பதினோரு வயது. சம்பள நாளில் அப்பாவின் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றிப் பேரேட்டில் வைத்துவிட்டுப் பணம் வாங்கிப் போவார்கள். "எல்லாம் கைநாட்டு" என்று பங்களாவுக்கு வந்த யாரோ சிரித்தபடி சொன்னார். அந்தச் சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள். நாட்டுதல் என்றால் ஊன்றி நிறுத்துவது. நாற்றங்காலில் பாலித்தீன் பைகளில் காபிக் கன்றுகள் நிற்கும் இடத்தில், கன்றுக்குப் பதில் கைகளை நட்டு வரைந்தாள். மணிக்கட்டு வரை மண், ஐந்து விரலும் இலை மாதிரி மேலே விரிந்து, ஒவ்வொரு கட்டைவிரலிலும் நீல மை.

பழம் பறிக்க வரும் ஓர் அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைப் பார்த்தார். அவளுக்குத் திக்கென்றது. அக்கா சிரித்தார். "அந்தப் பையில எல்லாம் நட்டது நாந்தான் கண்ணு. நீ நட்டிருந்தா இப்படி நெருக்கமா வெச்சிருப்ப. வேரு ஓட எடம் வேணாமா?" இரண்டாவது படத்தில் கைகளுக்கு நடுவே இடைவெளி விட்டாள்.

சென்ற ஆண்டு டிசம்பரில், பழம் பறிப்பு நடக்கும் சமயம், அவள் மலைக்குப் போயிருந்தாள். அக்காவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போன கதையைச் சொன்னார். இயந்திரத்தில் விரலை வைத்தால் ரேகை விழவில்லையாம். துடைத்துவிட்டு வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார், மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தார். "தேஞ்சு போச்சு கண்ணு. மண்ணும் மம்முட்டியும் தின்னுருச்சு." கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். கழுவிய கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

ரேகை விழவில்லை. அன்றிரவு முழுக்க அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. விழவில்லை என்றால் வேறெங்கே விழுந்தது?

மறுநாள் வரையத் தொடங்கினாள். மேலே பெரிய கட்டைவிரல், ஒரு கோடும் இல்லாமல். அதிலிருந்து ரேகைகள் இழை இழையாகக் கழன்று மழைபோல இறங்குகின்றன. கீழே சேர்வராயன் மலைச் சரிவு. விழுந்த ரேகைகள் சரிவைச் சுற்றி வளைந்து வளைந்து படிந்து, காபிச் செடி வரிசைகளாகின்றன. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், மேட்டைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி, சுழி சுழியாக மலை முழுவதும் ஒரு பெரிய கைநாட்டு. நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ஈரம் காயாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டக் கொண்டுவந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வழவழத்த அந்த விரலால் சரிவின் இடது ஓரத்தைத் தொட்டார்.

"இந்த வரிசை கோணலா இருக்கு கண்ணு. நான் இப்படி நட மாட்டேன்."